7.2 ரிசீவரில் 5.1 ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன்: பின்பக்கம் சத்தமே இல்லை, வால்யூம் ஏற்றினால் ரிசீவர் அணைந்துவிடுகிறது

புதுரிசீவர்:

எல்லோருக்கும் வணக்கம். ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப் பெட்டி) 7.2 சேனல், அதாவது ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர் வரை; எச்டிஎம்ஐ 2.0. ஸ்பீக்கர்கள் 5.1 செட்: முன்னால் இரண்டு, சென்டர் ஒன்று, பின்னால் இரண்டு, ஆம்ப் உள்ளேயே இருக்கும் சப்வூஃபர் ஒன்று. ஐந்துமே 8 ஓம். டிவி 4கே, 60 ஹெர்ட்ஸ். அதில் ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டில் 'ஆர்க்' (டிவியின் சத்தத்தை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கிறது, 'இ-ஆர்க்' இல்லை.

இப்போது மாட்டியிருக்கும் விதம்: கேம் கன்சோல், புளூ-ரே பிளேயர், செட்டாப் பாக்ஸ் மூன்றும் டிவியில். டிவியின் ஆர்க் போர்ட்டிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டுக்கு ஒரே ஒரு கேபிள். டர்ன்டேபிள் மட்டும் ரிசீவரின் 'சிடி' இன்புட்டில். பின் ஸ்பீக்கர்களுக்கு 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர்.

பிரச்சினைகள்:

பின் ஸ்பீக்கர் இரண்டும் பேசவே இல்லை. 'சரவுண்ட் பேக்' என்று எழுதியிருந்த டெர்மினலில்தான் கொடுத்திருக்கிறேன். வசனம் சன்னமாகக் கேட்கிறது. படத்தில் எப்போதாவது சப்வூஃபர் முழங்குகிறது, பாட்டு போட்டால் அது இருப்பதே தெரியவில்லை. வால்யூம் கொஞ்சம் ஏற்றினால் ரிசீவர் 'ப்ரொடெக்ட்' என்று காட்டி அணைந்துவிடுகிறது; அதற்கு முன் வலது முன் ஸ்பீக்கர் ஒரு நொடி அடங்கி அடங்கி வருகிறது. டர்ன்டேபிளில் சத்தம் மிகக் குறைவு, பேஸ் சுத்தமாக இல்லை, கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஓம்விதி:

முதலில் ப்ரொடெக்ட். அது தீரும்வரை மற்ற எதையும் தொட வேண்டாம், வால்யூமை ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

அறிகுறியைப் பார்த்தால் வலது முன் ஸ்பீக்கர் லைனில் ஷார்ட் மாதிரி தெரிகிறது. ஷார்ட் ஆனாலும் வால்யூம் குறைவாக இருக்கும்போது ஓடும் கரண்ட் சிறியது, ரிசீவர் பொறுத்துக்கொள்ளும். ஏற்றியதும் கரண்ட் எகிறும், பாதுகாப்பு சுற்று வெட்டிவிடும். அடங்கி அடங்கி வருவது, ஷார்ட் நிரந்தரமாக இல்லை, தொட்டு விலகுகிறது என்பதற்கு அடையாளம்.

ரிசீவரை அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்டாண்ட்பை போதாது. பின்னாலிருக்கும் ஸ்பீக்கர் ஒயர்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, ஒன்றுமே மாட்டாமல் ரிசீவரை ஆன் செய்யுங்கள். அப்போதும் ப்ரொடெக்ட் வந்தால் கோளாறு உள்ளே. சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். வரவில்லையென்றால் கோளாறு ஒயரிலோ ஸ்பீக்கரிலோ. மறுபடி அணைத்து, மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, ரிசீவர் பக்கத்து ஒயர் முனைகள் இரண்டிலும் அளந்து பாருங்கள். ஸ்பீக்கர் மறுமுனையில் மாட்டியே இருக்கட்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது, பெரும்பாலும் 5.5 முதல் 7 வரை காட்டும். மீட்டர் அளப்பது நேர்மின் தடை, பெட்டியில் போட்டிருப்பது இம்பீடன்ஸ், அதாவது ஒலி சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. 1 ஓமுக்குக் கீழே வந்தால் ஷார்ட். எண்ணே வரவில்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. அளக்கும்போதே ஒயரை இரண்டு முனையிலும் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது எண் விழுந்தால் இடம் கிடைத்துவிட்டது.

பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஒரு செம்பு இழைதான். ஒயரை உரித்து டெர்மினலில் நுழைக்கும்போது ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலையோ ரிசீவரின் உலோகப் பின்தகட்டையோ தொடும். கண்ணுக்குத் தெரியாது, மொபைல் டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மினுங்கும். முனையை வெட்டிவிட்டு 10 மி.மீ. மட்டும் புதிதாக உரித்து, எல்லா இழையும் ஒரே பக்கமாக இறுக முறுக்கி நுழைத்துத் திருகுங்கள். திருகியபின் வெற்றுச் செம்பு வெளியே தெரியவே கூடாது. பத்து முனைக்கும் பனானா பிளக் (ஒயர் முனையில் பொருத்தி டெர்மினல் துளையில் செருகும் உலோக முனை) போட்டுவிட்டால் இந்தத் தொல்லை மொத்தமாக ஒழியும். சில ரிசீவர்களில் டெர்மினல் துளையைச் சின்ன பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். அதை நெம்பி எடுத்தால்தான் பிளக் இறங்கும்.

அடுத்து பின் ஸ்பீக்கர்கள். 5.1-ல் பின் ஸ்பீக்கர் போக வேண்டிய இடம் 'சரவுண்ட்'. 'சரவுண்ட் பேக்' என்பது 7.1-ல் கூடுதலாக வரும் ஆறாவது, ஏழாவது ஸ்பீக்கருக்கு. பெயரைப் பார்த்து ஏமாறுவது இயல்பு, ஏனென்றால் ஸ்பீக்கர் உங்கள் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது. ஆனால் 5.1 ஒலித்தடம் அந்த இரண்டு சேனலையும் 'சரவுண்ட்' என்றே அழைக்கிறது. மாற்றி மாட்டிவிட்டு, மெனுவில் ஸ்பீக்கர் அமைப்பு 5.1 என்றும், 'சரவுண்ட் பேக்' இல்லை என்றும் வையுங்கள். இடம் பற்றியும் ஒரு வார்த்தை: சரவுண்ட் ஸ்பீக்கர் முதுகுக்கு நேர் பின்னால் அல்ல, காதுக்குச் சற்றே பின்னால் பக்கவாட்டில் வர வேண்டும். நேர் முன்பக்கத்தைப் பூஜ்ஜியம் என்று கொண்டால் முன் ஸ்பீக்கர்கள் 30 பாகை, சரவுண்ட் 100 முதல் 120 பாகை.

அலைநீளம்:

ஒயர் வேலை ஓம்விதி சொன்னபடி முடியட்டும். நான் எச்டிஎம்ஐ பக்கம் சொல்றேன், ஏன்னா பின்பக்கம் சத்தம் வராததுக்கு டெர்மினல் மட்டும் காரணம் இல்ல. நீங்க சரியா மாட்டினாலும் கன்சோல்ல விளையாடும்போது பின்னால ஒண்ணும் வராது.

காரணம் ஆர்க். 2009-ல எச்டிஎம்ஐ 1.4-ஓட வந்தது அது. அதுல போற ஆடியோ: ரெண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி), இல்லேன்னா சுருக்கி அனுப்புற டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ், டிடிஎஸ். அவ்வளவுதான். கன்சோல் 5.1 பிசிஎம்-ஆ டிவிக்கு அனுப்பினா, டிவியால அதை அப்படியே ஆர்க் வழியா தள்ள முடியாது, பெரும்பாலும் ரெண்டு சேனலாக்கித்தான் தரும். புளூ-ரேல இருக்கிற டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவுக்கும் அதே கதி. நிறைய டிவி டிடிஎஸ்ஸைத் தாண்டி அனுப்பவே அனுப்பாது. இதெல்லாம் முழுசா போகணும்னா இ-ஆர்க் வேணும், அது எச்டிஎம்ஐ 2.1-ஓட வந்தது.

உங்க டிவி 60 ஹெர்ட்ஸ், ரிசீவர் எச்டிஎம்ஐ 2.0. அப்போ வழி ரொம்ப நேர். மூணு பெட்டியையும் டிவியிலிருந்து எடுத்து ரிசீவரோட எச்டிஎம்ஐ இன்புட்ல மாட்டுங்க. ரிசீவர் அவுட்லேர்ந்து டிவியோட ஆர்க் போர்ட்டுக்கு இப்ப இருக்கிற அதே ஒரு கேபிள். படம் அது வழியா மேலே போகும், டிவிக்குள்ள இருக்கிற ஆப்போட சத்தம் அதே கேபிள்ல கீழே வரும். ரிசீவர்ல ரெண்டு எச்டிஎம்ஐ அவுட் இருந்தா 'ஆர்க்'னு எழுதின அவுட்தான் உங்களுக்கு.

அப்புறம் செட்டிங்ஸ். கன்சோல்ல ஆடியோ அவுட்புட் லீனியர் பிசிஎம், 5.1. புளூ-ரே பிளேயர்ல பிட்ஸ்ட்ரீம் (டிஸ்க்ல இருக்கிற ஒலியைப் பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது), அதோட 'செகண்டரி ஆடியோ'வை ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா பிளேயர் மெனு சத்தத்தையும் படத்தோட சத்தத்தையும் கலக்கிறதுக்காக ட்ரூஎச்டியை விட்டுட்டு வேற எதையாவது அனுப்பும். செட்டாப் பாக்ஸ்ல 'ஸ்டீரியோ'ன்னு இருக்கும், அதை 'டால்பி'க்கு மாத்துங்க. டிவியில ஆடியோ அவுட்புட்டை 'பிசிஎம்'லேர்ந்து 'ஆட்டோ' இல்ல 'பாஸ் த்ரூ'வுக்கு. டிவி ஸ்பீக்கரை அணைச்சிடுங்க. ரெண்டு பக்கமும் சி.இ.சி (எச்டிஎம்ஐ வழியா பெட்டிகள் ஒண்ணையொண்ணு இயக்குற வசதி) ஆன்ல இருக்கணும், அது இல்லாம பெரும்பாலான ரிசீவர்ல ஆர்க் விழிச்சுக்காது. சி.இ.சி-க்கு ஒவ்வொரு டிவி கம்பெனியும் ஒரு பேர் வச்சிருக்கு: அனிநெட் பிளஸ், பிராவியா சிங்க், சிம்ப்லிங்க்.

4கே படம் வருது ஆனா எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலா காட்டுற முறை) வரலேன்னா பதறாதீங்க. ரிசீவர் மெனுவுல எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட் 'ஸ்டாண்டர்ட்'ல இருக்கும், 'என்ஹான்ஸ்டு'க்கு மாத்தணும். டிவியிலயும் அந்த போர்ட்டுக்குத் தனியா அதே மாதிரி ஒண்ணு இருக்கும். ரெண்டுல ஒண்ணு விட்டுப்போனாலும் வராது. என்ஹான்ஸ்டு வச்சதும் திரை அணைஞ்சு அணைஞ்சு வந்தா கேபிள் 18 ஜிகாபிட் தாங்கல. 'பிரீமியம் ஹை ஸ்பீடு' லேபிள் உள்ள கேபிள் போடுங்க. 5 மீட்டருக்கு மேல போகணும்னா ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள்; அதுக்குத் திசை உண்டு, 'சோர்ஸ்'னு எழுதின முனை ரிசீவர்ல, 'டிஸ்ப்ளே' டிவியில. திருப்பி மாட்டினா படமே வராது.

இப்ப முக்கியமானது. ஒவ்வொரு பெட்டியையும் ஓடவிட்டு ரிசீவர் ரிமோட்ல 'இன்ஃபோ' அமுக்குங்க. உள்ள என்ன சிக்னல் வருதுன்னு அதுவே சொல்லும்: 'டால்பி டிஜிட்டல் 5.1', 'மல்டி சேனல் பிசிஎம்', 'பிசிஎம் 2 சேனல்'. உள்ள வர்றதே ரெண்டு சேனல்னா ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நிறைய பேர் இந்த ஒரு பட்டனைப் பார்க்காமலே ஒயரை நாலு தடவை கழட்டி மாட்டுறாங்க.

வசனம் சன்னமா இருக்கிறதுக்கும் இதுதான் காரணமா இருக்கும். ரெண்டு சேனல் வந்து ரிசீவர் 'ஸ்டீரியோ' மோட்ல இருந்தா சென்டர் பேசவே பேசாது. ரெண்டு சேனல் நிகழ்ச்சிக்கு 'டால்பி சரவுண்ட்' மோட் போட்டுப் பாருங்க, வசனம் நடுவுக்கு வந்துடும்.

செம்புக்கம்பி:

சப்வூஃபருக்கும் டர்ன்டேபிளுக்கும் நான் சொல்கிறேன்.

படத்தில் மட்டும் முழங்குகிறது, பாட்டில் இல்லை என்றால், முன் ஸ்பீக்கர்கள் மெனுவில் 'லார்ஜ்' என்று இருக்கும். லார்ஜ் என்றால் பேஸ் முழுவதையும் அந்த ஸ்பீக்கரே பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம், ரிசீவர் சப்வூஃபருக்கு எதையும் பிரித்துக் கொடுக்காது. 5.1-ல் தனியாக இருக்கும் அந்த '.1' தடம் வரும்போது மட்டும் சப்வூஃபர் பேசும்; பாட்டில் அந்தத் தடமே கிடையாது. ஐந்து ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பெரிய டவர் ஸ்பீக்கராக இருந்தாலும் ஸ்மால்தான். இது ஸ்பீக்கரின் உயரத்தைப் பற்றிய கேள்வி இல்லை. பாட்டுக்கு 'டைரக்ட்' அல்லது 'ப்யூர்' மோட் போட்டிருந்தாலும் பல ரிசீவர்களில் சப்வூஃபர் ஒதுங்கிவிடும். அதையும் பாருங்கள்.

ரிசீவரின் சப்வூஃபர் பிரீ-அவுட் 1-லிருந்து ஒற்றை ஆர்சிஏ கேபிள், சப்வூஃபரில் 'எல்எஃப்இ' என்று எழுதிய துளைக்கு. அது இல்லையென்றால் 'லெஃப்ட் / மோனோ'. சப்வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுக்கத் திருப்பிக் கடைசியில் விட்டுவிடுங்கள். ரிசீவர் 80-ல் வெட்டியதை அது இன்னொரு முறை வெட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். வால்யூம் குமிழ் பாதியில், ஃபேஸ் பூஜ்ஜியத்தில். 'ஆட்டோ' ஸ்டாண்ட்பை மெல்லிய சத்தத்தில் விழிக்காது, ஆகவே 'ஆன்'. இந்த ஆர்சிஏ கேபிளைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

டர்ன்டேபிள். அதன் முள்ளிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி இன்புட் எதிர்பார்ப்பது 2 வோல்ட் வரை. அதுதான் சத்தமில்லை. பேஸ் இல்லாததற்குக் காரணம் வேறு: ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, உச்ச ஒலிகளைத் தூக்கி வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்வது 'ஃபோனோ' இன்புட்டின் வேலை. ஃபோனோவில் மாட்டுங்கள், டர்ன்டேபிளிலிருந்து வரும் மூன்றாவது மெல்லிய ஒயரை ரிசீவரின் 'கிரவுண்ட்' திருகில் கட்டுங்கள். அந்த 'ம்ம்ம்' பெரும்பாலும் அதோடு போய்விடும். டர்ன்டேபிளின் பின்னால் 'ஃபோனோ / லைன்' என்று சுவிட்ச் இருந்தால், அதற்குள்ளேயே பிரீஆம்ப் (ஃபோனோ இன்புட்டின் அதே வேலையைச் செய்யும் சுற்று) இருக்கிறது. சுவிட்ச் லைனில் என்றால் சிடி இன்புட், ஃபோனோவில் என்றால் ஃபோனோ இன்புட். லைனில் வைத்து ஃபோனோவில் மாட்டினால் இரண்டு முறை பெருக்கப்பட்டுச் சத்தம் கரகரவென்று உடையும்.

கடைசியாக, அந்த 0.5 ஒயரைத் தூக்கி எறியுங்கள். 12 மீட்டருக்கு அது போதவே போதாது.

ஓம்விதி:

செம்புக்கம்பி சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன், ஒயர் விஷயத்தில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். செம்பு 1 சதுர மி.மீ.க்கு மீட்டருக்கு சுமார் 0.0172 ஓம். 12 மீட்டர் தூரம் என்றால் போக வர 24 மீட்டர். 0.5 சதுர மி.மீ. ஒயரில் 0.83 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு ஒரு டெசிபெலுக்கும் கொஞ்சம் குறைவு. சரவுண்ட் சேனலில் இதை ஆட்டோ கேலிப்ரேஷன் (ரிசீவர் மைக் வைத்து ஸ்பீக்கர்களை அளந்து தானே சரிசெய்வது) ஈடுகட்டிவிடும். ஒயர் ஏற்கெனவே சுவருக்குள் போயிருந்தால் உடைத்து மாற்றும் அளவுக்கு இது கேடு இல்லை.

செம்புக்கம்பி:

இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக நிற்காதே. சில இடத்தில் 4, 5 வரை இறங்கும், அங்கே இழப்பும் கூடும். ஒயர் தடை ஸ்பீக்கர் இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள், அதாவது 0.4 ஓமுக்குள் இருக்கட்டும் என்பது அதற்காகத்தான். 1.5 சதுர மி.மீ. போட்டால் 12 மீட்டருக்கு 0.28 ஓம்தான் வரும். ஆனால் சுவருக்குள் போயிருந்தால் இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். வெளியே ஓரமாக ஓடுகிறதென்றால் மாற்றுங்கள். புதிதாக எடுக்கும்போது முழுச் செம்பா என்று பார்த்து எடுங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் அதே நிறத்தில்தான் இருக்கும், தடை ஒன்றரை மடங்கு. வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

புதுரிசீவர்:

பெரிய நன்றி. ஒயர்களை எல்லாம் கழற்றி ரிசீவரை ஆன் செய்தேன், ப்ரொடெக்ட் வரவில்லை. மீட்டரில் இடது முன் 6.2, சென்டர் 5.8, பின் இரண்டும் 7 ஓமை ஒட்டி. வலது முன் 6.1 காட்டியது, ஆனால் ஸ்பீக்கர் பக்கத்து முனையை விரலால் தள்ளினால் 0.3-க்கு விழுந்தது. ஒரு இழை சிவப்பிலிருந்து கறுப்புக்குத் தொங்கிக்கொண்டிருந்தது, முடி அளவுதான். வெட்டி, பத்து முனைக்கும் பனானா பிளக் போட்டாயிற்று. பின் ஸ்பீக்கர் 'சரவுண்ட்' டெர்மினலுக்கு மாறியது. பெட்டிகள் மூன்றும் ரிசீவரில். கன்சோலில் இன்ஃபோ அமுக்கினால் 'மல்டி சேனல்' என்று வருகிறது. டர்ன்டேபிள் ஃபோனோவில், கிரவுண்ட் ஒயரும் கட்டினேன், இரைச்சல் நின்றது.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, ரிசீவர் அணைந்திருக்கும்போது செட்டாப் பாக்ஸ் படம் டிவியில் வரவில்லை. இரண்டு, முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் நேர் நடுவில் உட்கார்ந்தால் பேஸ் மெலிகிறது, பாடுபவர் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. எழுந்து ஓரமாக நகர்ந்தால் பேஸ் கூடுகிறது.

அலைநீளம்:

முதலாவது: ரிசீவர் மெனுவுல 'எச்டிஎம்ஐ பாஸ் த்ரூ' இல்ல 'ஸ்டாண்ட்பை த்ரூ'ன்னு இருக்கும், ஆன் பண்ணுங்க. ஸ்டாண்ட்பைல கொஞ்சம் கரண்ட் கூட எடுக்கும். டிவி ஸ்பீக்கரை அந்த நேரத்துக்கு மறுபடி ஆன் பண்ணிக்கணும், சி.இ.சி இருந்தா சில டிவி தானே மாறிக்கும்.

ரெண்டாவது: ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பு கறுப்பு மாறியிருக்கு. ஒண்ணு காத்தை முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது, நடுவுல பேஸ் ஒண்ணையொண்ணு அழிச்சுடும். பனானா போடும்போது மாறியிருக்கும். ரிசீவரை அணைச்சு, அந்தப் பக்கத்து ரெண்டு பிளக்கையும் வெளிய எடுங்க. 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியோட பிளஸ்ஸை சிவப்பு பிளக்லயும் மைனஸைக் கறுப்புலயும் ஒரு நொடி மட்டும் தொடுங்க, பிடிச்சுக்கிட்டே இருக்காதீங்க. 'டப்'னு ஒரு சத்தம் வந்து பெரிய கோன் (ஸ்பீக்கர்ல அதிர்ற கூம்பு) வெளிப்பக்கம் நகர்ந்தா சரி. உள்ள போனா மாறியிருக்கு. அஞ்சு ஸ்பீக்கரையும் இப்படிப் பார்த்துடுங்க. சப்வூஃபர்ல மட்டும் இதைச் செய்யவே கூடாது, அதுக்குள்ள ஆம்ப் இருக்கு.

ஓம்விதி:

அது சரியானதும் கேலிப்ரேஷன் ஓட்டுங்கள். ஃபேன், ஏசி எல்லாம் அணைத்து, மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சோபாவின் சாய்மானத்தில் சாய்த்து வைத்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒலியையும் சேர்த்து அளந்துவிடும். முடிந்ததும் ஸ்பீக்கர் சைஸைக் கையால் திறந்து பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் மறுபடி 'லார்ஜ்' ஆக்கியிருக்க வாய்ப்பு அதிகம், அப்படியானால் திரும்ப ஸ்மால், 80. வசனம் இன்னும் பிடிபடவில்லையென்றால் சென்டர் லெவலை மட்டும் 2 டெசிபெல் ஏற்றுங்கள், அந்த ஸ்பீக்கரின் முகத்தையும் காதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

புதுரிசீவர்:

இடது முன் பக்கம் மாறித்தான் இருந்தது. கோன் உள்ளே போனது. சரிசெய்ததும் குரல் திரைக்கு நடுவில் வந்து நிற்கிறது. கேலிப்ரேஷனும் ஓட்டிவிட்டேன், சொன்ன மாதிரியே லார்ஜ் ஆக்கியிருந்தது, மாற்றினேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது: சப்வூஃபர் என்னிடமிருந்து டேப் வைத்து அளந்தால் 3 மீட்டர், ரிசீவர் 4.6 மீட்டர் என்கிறது. திருத்தவா?

செம்புக்கம்பி:

தொடாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் ஆம்பும் ஃபில்டரும் ஒலியைச் சற்றுத் தாமதமாக்கும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, உங்கள் 1.6 மீட்டர் வித்தியாசம் 5 மில்லிசெகண்டுக்கும் குறைவு. ரிசீவருக்கு அந்தத் தாமதத்தைச் சொல்ல வேறு மொழி கிடையாது, தூரமாக எழுதியிருக்கிறது. நீங்கள் 3 என்று மாற்றினால் 80 ஹெர்ட்ஸ் பக்கம் முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர வேண்டிய இடத்தில் பேஸ் மறுபடி மெலியும்.